ஜன்னலோரம் ஒரு சந்தனக் கிண்ணம்

முருகன் துணை.

நம் கல்லூரியின் காற்று டனலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எழுதுகிறேன். போன வாரம் ஓய்வூதிய விஷயமாகக் கல்லூரிக்கு வந்தவன், பழக்க தோஷத்தில் ஆய்வகத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒருத்தர் ஜன்னலோரம் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிற பித்தளைக் கிண்ணத்தைக் காட்டி, "இன்னா சார், மெஷினுக்கு டெய்லி பூஜையா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ராணிப்பேட்டை தாண்டும் வரை அதே நினைப்பு. பதில் சொல்லாமல் வந்தது தப்பு என்று பட்டது.

அந்தக் கிண்ணம் பூஜைச் சாமான் இல்லை. அது அளவுக் கருவி. காமிரா, விளக்கு, கம்ப்யூட்டர் என்று எண்ணிக்கொண்டே வந்தால் அந்த வரிசையில் அதுவும் ஒன்று.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. ஆனால் எத்தனையோ விமானங்களின் இறக்கையைத் துணி வைத்துத் துடைத்திருக்கிறேன், எல்லாம் கை நீள மாதிரிகள். டனல் என்பது பெரிய குழாய். ஒரு முனையில் ராட்சத ஃபேன். நடுவில் மாதிரி விமானத்தைக் கம்பியில் பொருத்திக் காற்றை விடுவோம். மேலே போனால் விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், இங்கே விமானம் சும்மா நிற்கும், காற்று வந்து மோதும். எங்கள் ஊர்ப்பக்கம் பெரிய ஃபேன் என்றால் தோல் காய வைக்கிற ஷெட் என்றுதான் நினைப்பார்கள். என் சம்பந்தி இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை, மரியாதையாக இருக்கட்டும் என்று.

காற்று மோதினால் இறக்கை கொஞ்சம் வளையும், கொஞ்சம் முறுக்கும். எவ்வளவு என்று தெரிய வேண்டும். தொட்டுப் பார்க்க முடியாது, தொட்டால் அதுவே அளவைக் கெடுக்கும். அதனால் இறக்கைக்குக் கறுப்பு அடித்து, மேலே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி ஒட்டி, கண்ணாடி ஜன்னல் வழியாகக் காமிராவால் பார்ப்போம். காற்று இல்லாதபோது ஒரு படம், காற்று ஓடும்போது ஒரு படம். புள்ளி எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு வளைந்தது இறக்கை. கேட்க எளிது. இதை நம் டனலில் கொண்டுவந்தவர் நஸீமா மேடம். மேல்விஷாரத்துக்காரர். புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற புரோகிராமை அவரே எழுதினார்.

அப்போது அவருக்கு ஒப்பந்த வேலைதான். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஆளில்லாமல் பறக்கிற விமானத்தின் இறக்கையைக் கொண்டுவருவதாக இருந்தது. அந்தச் சோதனையை அவர் ஒப்புக்கொண்டால் மேடத்துக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்து வெளியூர் போக வேண்டியதுதான். வீட்டில் உடம்பு முடியாத அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது? மேடம் இதையெல்லாம் யாரிடமும் சொல்லி அழுகிற ஆள் இல்லை. டீ குடிக்கும்போது ஒரு தடவை சொன்னதுதான்.

சோதனைக்கு முந்தின வாரம் ஃபேன் மோட்டார் படுத்துவிட்டது. மோட்டாருக்குள் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவர் வந்து கழற்றிக் கட்டி மாட்டினார். அப்போதும் உறுமியது, சுற்றவில்லை. நான் ஒரு ஓரமாகப் போய் நின்று, "திருத்தணி முருகா, இது ஓடணும், மொட்டை போடறோம்" என்று வேண்டிக்கொண்டேன். போடறோம் என்று வாயில் வந்துவிட்டது. என்னோடு வேலை செய்த தேவராஜையும் சேர்த்து. அவன் குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, சுருள் சுருளாக முடி. அன்று சாயங்காலமே மோட்டார் ஓடிவிட்டது.

அவனிடம் பிறகுதான் சொன்னேன்.

"என் தலைய வச்சி நீ இன்னாத்துக்குண்ணே வேண்டிக்கினே?"

"அவசரத்துல வந்துட்சிடா."

"அப்ப உன் தலைய மட்டும் குடு. முருகன் இன்னா ஜோடியா கேட்டாரா?"

ஆனால் அவன் சம்சாரம் இதைக் கேள்விப்பட்டதும், நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திருத்தணியில் முடி கொடுத்தோம். திரும்பும் வழியெல்லாம் தேவராஜ் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை நஸீமா மேடம் எங்களைப் பார்த்ததும், "இன்னா அண்ணே, ரெண்டு பேரும் ஒரே மாதிரி வந்திருக்கீங்க?" என்றார்.

"வேண்டுதல் மேடம். மோட்டார் ஓடிச்சு இல்ல."

"மோட்டார காயில் கட்டறவருதானே சரி பண்ணாரு?"

"அவருக்குக் கூலி குடுத்தாச்சு மேடம். இது முருகனுக்கு."

பெங்களூர்க்காரர் வந்தார். தமிழ் தெரிந்தவர், சிரிக்கத் தெரியாதவர். நான் வாங்கி வைத்திருந்த ஆற்காடு மக்கன் பேடா இனிப்பைத் தொடக்கூட இல்லை. சாயங்காலம் இறக்கையோடு திரும்ப வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: காற்று ஓடுகிற நேரம் முழுக்க ஆய்வகத்து ஆள் ஒருத்தர் இறக்கையை நேர்க் கண்ணால் பார்த்துக்கொண்டே, நிறுத்துகிற பொத்தானில் கை வைத்திருக்க வேண்டும். நியாயம்தான். இறக்கை உடைந்தால் துண்டு பறந்துபோய் ஃபேனையும் உடைக்கும்.

காமிராவும் விளக்கும் இந்தப் பக்கத்து ஜன்னலில். பொத்தான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில். அங்கே நிற்பது என் வேலை. காற்றில்லாத படம் எடுக்கும்போது நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். படம் அருமையாக வந்தது. ஃபேன் ஓட ஆரம்பித்ததும் வழக்கம்போல ஜன்னலருகே குனிந்து இறக்கையின் நுனியைப் பார்த்தேன். லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"அண்ணே, நுனி லிமிட்ட தாண்டுது" என்று மேடத்தின் குரல் வந்தது.

என் கண்ணுக்கு ஒன்றும் தாண்டவில்லை. ஆனால் கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது.

"ஏன் நிறுத்துனீங்க? உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றார் பெங்களூர்க்காரர்.

"இல்ல சார்."

"அப்புறம்?"

"மேடம் தாண்டுதுன்னாங்க சார்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு பெரிய சார் இருந்தார். அவர் சொல்வார்: உன் கண்ணும் கருவியும் சண்டை போட்டால் நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணாதே, முதலில் காற்றை நிறுத்து. நிறுத்திய பிறகு யார் சொன்னது சரி என்று நாள் முழுக்கப் பேசலாம். இறக்கை உடைந்த பிறகு பேச விஷயமே இருக்காது. அவர் இன்னொன்றும் சொல்வார்: நேற்று சரியாக இருந்தது இன்றைக்குத் தப்பினால், நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று மட்டும் தேடு.

தேடினோம். சனிக்கிழமை எங்கள் சொந்த இறக்கையை மாட்டி ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன மாறியது?

நானும் தேவராஜும் ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தோம். காமிரா அதே காமிரா. விளக்கு அதே விளக்கு. கண்ணாடி துடைத்த கண்ணாடி. புது இறக்கையில் ஒட்டிய புள்ளிகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரசிப் பார்த்தேன், ஒன்றும் பெயரவில்லை. தேவராஜ் கீழே படுத்துத் தாங்குகிற கம்பியை ஆட்டிப் பார்த்தான். எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமே மாறல மேடம்" என்றான். நானும் அவன் பக்கத்தில் நின்று, "ஒண்ணுமே மாறல மேடம்" என்றேன். இரண்டு மொட்டைத் தலைகளும் சத்தியம் பண்ணாத குறை.

மறுபடி ஓட்டினோம். காற்றில்லாமல் நேராக இருந்த இறக்கை, காற்று வந்ததும் லிமிட்டைத் தாண்டியது. நிறுத்தினேன். உள்ளே போய்த் தடவிப் பார்த்தேன். இறக்கை கல் மாதிரி இருந்தது.

"நீ நிக்கிற ராசிண்ணே" என்றான் தேவராஜ். ஞாயிற்றுக்கிழமைக் கோபம் இன்னும் அவனுக்கு மிச்சம் இருந்தது. "நவுரு, நான் நிக்கறேன்."

அவன் நின்றான். அதேதான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், முருகன் மன்னிக்கட்டும்.

பெங்களூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாடு முடிஞ்சு ஒரு தடவை பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா பேக் பண்ணிடுவேன். உங்க முறைய நான் ஒத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நஸீமா மேடம் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தேவராஜ் மெதுவாக அவர் பக்கம் போய், திரையைக் காட்டினான். "மேடம், பேஜார் பண்றது நுனில இருக்கற அந்த ஒரு புள்ளிதானே. அத மட்டும் தூக்கிடுங்களேன். மீதியெல்லாம் ஒழுங்காதானே இருக்குது. யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் தோன்றியது. அந்தப் பெண்ணின் வேலை, வீட்டில் அத்தா, எல்லாம் விசைப்பலகையில் ஒரு பொத்தானைத் தட்டுவதில் நிற்கிறது.

மேடம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "அது ஏன் வருதுன்னு தெரிஞ்சா தூக்கலாம் தேவராஜ். தெரியாம தூக்கினா, நாளைக்கு நெசமாவே றெக்கை வளையும்போதும் தூக்கிடுவேன்" என்றார். சாப்பிடக்கூடப் போகவில்லை.

பெங்களூர்க்காரர் திரும்பி வந்தபோது மேடம் கணக்கெல்லாம் காட்டுகிற பக்கத்தை மூடிவிட்டு, காமிரா பார்க்கிற வெறும் படத்தைத் திரையில் ஓடவிட்டிருந்தார். "சார், நம்பர் வேணாம். படத்த மட்டும் பாப்போம். அண்ணே, காத்து வேணாம். ஓடும்போது எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க."

எதிர் ஜன்னலில் போய்க் குனிந்தேன். திரையில் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. நுனிப் புள்ளிக்குப் பக்கத்தில், இறக்கையைத் தாண்டி அந்தரத்தில் ஒரு புள்ளி. சின்னது, வட்டமானது, பளிச்சென்று. காற்றே இல்லை, அது மட்டும் நிற்கிறது.

அப்போது பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. தும்மினேன்.

"ஐயோ, குதிச்சுது" என்றார் மேடம். "அண்ணே, இன்னொரு தடவ தும்முங்க."

"கேட்டா வராது மேடம்."

"சரி, தலைய மேலயும் கீழயும் ஆட்டுங்க."

ஆட்டினேன்.

"புள்ளி ஆமான்னுது" என்றான் தேவராஜ்.

"இப்ப பக்கவாட்டுல."

"இப்ப மாட்டேன்னுது."

மேடம் திரையை விட்டுத் தலையைத் தூக்கி, கண்ணாடி ஜன்னல்களுக்கு அந்தப் பக்கம் இருந்த என்னை நேராகப் பார்த்தார். பிறகு தேவராஜைப் பார்த்தார். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டார். நாங்கள் மட்டும் எதற்கு என்று தெரியாமல் விழித்தோம்.

விஷயம் இதுதான். விளக்கு இறக்கை மேல் அடித்து, தாண்டி எதிர் ஜன்னலில் என் மொட்டையிலும் அடித்திருக்கிறது. வெயில் காலத்து வேர்வையில் உருண்டைத் தலை மின்னினால், மின்னுகிற இடம் புள்ளி அளவில்தான் தெரியும். முடி இருந்தவரை எதிர் ஜன்னல் இருட்டாக இருந்தது. முடி போனதும் புரோகிராம் என் மண்டையையும் இறக்கையில் சேர்த்து, நுனிப் புள்ளிதான் அங்கே நகர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டது. காற்றில்லாத படத்தில் நான் ஒதுங்கி நிற்பேன், காற்று வந்தால் குனிவேன். அதனால்தான் காற்று வந்தால் வளைந்தது, நின்றால் நேரானது. நெற்றியில் நான் பல வருஷமாகப் பூசுகிற விபூதிப் பட்டை ஏன் மாட்டவில்லை என்று கேட்காதீர்கள். பட்டை வட்டம் இல்லையே.

பெங்களூர்க்காரர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "காரணம் சரி. அளவு இன்னும் வரல. யாராவது பொத்தான்கிட்ட நிக்கணுமே" என்றார்.

அதுதான் சங்கடம். வெளியாளைப் பொத்தானில் விடக்கூடாது. மேடம் திரையை விட்டு வர முடியாது. மிச்சம் இருப்பது இரண்டு மொட்டைகள்.

தேவராஜ் தோளில் கிடந்த குடியாத்தம் துண்டை எடுத்து என் தலையில் முண்டாசு கட்டினான். திரையைப் பார்த்த மேடம், "எடுங்க, எடுங்க" என்றார். கட்டம் போட்ட துண்டு. கட்டத்துக்குக் கட்டம் வெள்ளைப் பொட்டு மின்னி, என் தலையில் ஓர் இறக்கைக்குப் போதுமான புள்ளிகள் வந்துவிட்டன.

மேடம் காமிராப் பெட்டிக்குள் ஒட்ட வாங்கி வைத்திருந்த கறுப்புத் தோலை எடுத்தார். நம் பக்கத்து டேனரிகளில் செய்கிற வெல்வெட் மாதிரியான தோல். வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். "இத மேல போட்டுக்குங்க அண்ணே."

என் கை நீளவில்லை. தோல் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், செருப்பும் பெல்ட்டும் தோல்தான். ஆனால் முருகனுக்குக் கொடுத்த தலை, இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதன் மேல் மாட்டுத் தோலா? வாய் திறந்து சொல்லவும் கூச்சம். அந்தப் பெண்ணின் பிழைப்பு இதில் தொங்குகிறது, நான் ஆசாரம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"தேவராஜ், நீ போட்டுக்கினு நில்லேன்" என்றேன்.

"உன்னுது நேந்துக்கின தலை, என்னுது மட்டும் இன்னா வாடகத் தலையா?"

மேடம் தோலை மடித்துக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் அண்ணே. நோன்பு வச்சிட்டா எங்க வீட்லயும் இப்படித்தான்" என்றார். பிறகு தனக்குள் பேசுவது போல, "மூடணும்னு இல்ல. மின்னக் கூடாது, அவ்ளோதான். மாவு மாதிரி எதனா பூசினா போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நின்றார்.

"அண்ணே, மொட்டை போட்டா நீங்க சந்தனம் பூசுவீங்க இல்ல?"

"பூசினோம் மேடம். காலைல குளிச்சதுல போய்ட்சி."

"வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்கினது இருக்குமே?"

இருந்தது. தேவராஜ் கிண்ணத்தில் குழைத்தான். அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். தேவராஜ் பூசுகிறான். மேல்விஷாரத்து மேடம், "மெல்லிசா பூசுங்க தேவராஜ், திட்டுத் திட்டா வேணாம், காதோரம் விட்டுட்டீங்க" என்று சொல்லிக் கொடுக்கிறார். பெங்களூர்க்காரர் டார்ச்சை அடித்து என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "இங்க இன்னும் மின்னுது" என்கிறார். எந்தக் கோயிலிலும் எனக்கு அப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததில்லை.

போய்க் குனிந்தேன். திரையில் என் தலை மங்கலான பெரிய உருண்டையாகத் தெரிந்ததாம், புரோகிராம் அதைச் சட்டை பண்ணவில்லை. அந்தரத்துப் புள்ளி காணாமல் போனது. காற்றை விட்டோம். நுனி எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஒழுங்காக ஏறியது. என் தலையில் சந்தனம் காய்ந்து இழுத்து அரிக்க ஆரம்பித்தது. ஒரு கை பொத்தானில், இன்னொரு கையைத் தூக்கினால் புது வில்லங்கம். சரவணபவ, சரவணபவ என்று சொல்லிக்கொண்டே நின்றேன். எல்லா வேகமும் முடிந்து ஃபேன் அடங்கிய பிறகுதான் சொறிந்தேன். அந்தச் சுகத்தை எழுதிக் காட்ட முடியாது.

அறிக்கையில் மேடம் காலையில் நிறுத்திய ஓட்டங்களையும் சேர்த்து எழுதினார். "இதுவும் வேணுமா?" என்று கேட்டார் பெங்களூர்க்காரர். "நடந்தது சார்" என்றார் மேடம். "ஆய்வக ஊழியரின் தலையிலிருந்து வந்த பிரதிபலிப்பு" என்று என் தலை அச்சில் ஏறியது அப்படித்தான்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "மத்தியானம் நான் வரும்போது அந்தப் புள்ளி காணாம போயிருக்கும்னு நெனச்சேன்மா. போயிருந்தா பேக் பண்ணியிருப்பேன்" என்றார். தேவராஜ் மோட்டாரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டான். அவர் போகும்போது மக்கன் பேடா இரண்டு எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் என்னிடம் மட்டும் குரலைத் தணித்து, "எந்தக் கோயில் அது?" என்று கேட்டார்.

மேடத்துக்கு வேலை நிரந்தரமானது. இன்றைக்கு உங்களுக்கு அவர்தான் தலைவர், கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

அந்த விமானம் நல்லபடியாகப் பறந்த பிறகு, பெங்களூர்க்காரர் அடுத்த இறக்கையோடு வந்தார். காரை விட்டு இறங்கியவரை எங்களுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மொட்டை. கழுத்து வரை கெட்டியாகச் சந்தனம்.

"மேடம், புள்ளி இல்லாம வந்திருக்கேன்" என்றார் பெருமையாக.

நஸீமா மேடம் டார்ச்சை எடுத்து அவர் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "காதோரம் மின்னுது சார். வெளிய நின்னு பூசிக்கினு வாங்க."

நான்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். திரும்ப வந்து அதைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் பார்த்தபோது அது வறண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் குழைத்து வையுங்கள் பிள்ளைகளே. எங்கள் தலையில் நிறைய முடி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மோட்டாருக்கும் வயசாகிறது.